பாண்டிக்கும் பாரிஸுக்கும் பதின்மூன்று நாழிகை

முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று பேட்டரிக் கடிகாரம், நம்ம நேரம். மற்றது சாவி கொடுக்கிற பழைய பெண்டுலக் கடிகாரம், பாரிஸ் நேரம். பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் பாண்டியில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். மகன் பாரிஸின் வடக்குப் புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறான். பெரியப்பாவும் பெரியம்மாவும் இங்கே.

அவன் போன் செய்யும்போது பெரியப்பா முதலில் பெண்டுலத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப உனக்கு மணி நாலரை, சரியா?" என்பார். பெரியம்மா கடிகாரம் பக்கமே திரும்ப மாட்டார். "அங்க இருட்டிடுச்சாப்பா?" என்பதுதான் அவர் கேள்வி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசத்தைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்கிறவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பாரிஸுக்கும் புதுவைக்கும் எத்தனை மணி வித்தியாசம்? போனைத் தட்டினால் குளிர்காலத்தில் நாலரை மணி என்றும் கோடையில் மூன்றரை மணி என்றும் காட்டும். ஒரே இரண்டு ஊர்கள், நடுவில் உள்ள தூரம் ஒரு அங்குலம்கூட மாறவில்லை; வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு இரண்டு தடவை மாறுகிறது. அப்படியென்றால் இரண்டில் எது நிஜம்?

இரண்டுமே இல்லை. பூமி 1 டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. புதுவை ஏறக்குறைய 79.8 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, பாரிஸ் 2.3 டிகிரியில். கழித்தால் 77.5, நாலால் பெருக்கினால் 310 நிமிடம். ஆக, நம் தலைக்கு மேல் உச்சிக்கு வரும் சூரியன் பாரிஸ்காரர் தலைக்கு மேல் போய்ச் சேர 5 மணி 10 நிமிடம் பிடிக்கும். பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம், எனவே 13 நாழிகைக்குக் கொஞ்சம் குறைவு. சூரியன் வைத்திருக்கும் வித்தியாசம் இதுதான். குளிர்காலமானாலும் கோடையானாலும் மாறாது. நம் கடிகாரங்கள் அதில் 40 நிமிடத்தையோ, கோடையில் 1 மணி 40 நிமிடத்தையோ விழுங்கிவிடுகின்றன.

விழுங்கியது யார் என்று பார்த்தால், அவர்கள்தான். நம் பக்கத்துத் தப்பு சின்னது, அதுவும் வித்தியாசத்தைக் கூட்டுகிற பக்கம். இந்திய நேரம் 82.5 டிகிரிக் கோட்டை வைத்து 1906 ஜனவரி 1 முதல் நடக்கிறது. புதுவை அந்தக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் நம் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய 11 நிமிடம் முந்தி ஓடுகிறது. சராசரியாக இங்கே உச்சி வெயில் 12 மணி 11 நிமிடத்துக்கு. அதற்கு முன்பு தென்னாட்டு ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தின் சூரியனை வைத்து 1802இல் கணக்கிட்ட நேரம் அது. இன்றைய இந்திய நேரத்தைவிடச் சுமார் 9 நிமிடம் பின்னால். விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் வந்தது 1879இல். பிரெஞ்சுக் கொடி பறந்த ஊருக்குள் ஆங்கிலேயரின் மெட்ராஸ் நேரம் தண்டவாளம் வழியாக வந்து சேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பாரிஸின் கதை பெரிது. அவர்களுக்கும் ஒரு காலத்தில் சொந்த நேரம் இருந்தது, பாரிஸ் வானாய்வுக்கூடத்தின் நேரம். அதிலும் ஒரு கூத்து: ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள கடிகாரம் சரியான நேரம் காட்டும், உள்ளே உள்ளது வேண்டுமென்றே 5 நிமிடம் பின்னால் ஓடும், பயணிகள் வண்டியைத் தவறவிடக் கூடாது என்பதற்காக. உலகம் லண்டனில் உள்ள கிரீன்விச்சின் நேரத்துக்கு மாறிய பிறகும் பிரான்ஸ் வெகுநாள் பிடிவாதமாக இருந்தது. 1911இல் ஒருவழியாக இறங்கி வந்தது. ஆனால் சட்டத்தில் கிரீன்விச் என்ற வார்த்தையே வரவில்லை. "பாரிஸ் சராசரி நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி பிந்திய நேரம்" என்று எழுதிக்கொண்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கிரீன்விச் நேரமேதான். நம்மூரில் சம்பந்தி பெயரைச் சொல்லாமல் "அந்த வீட்டுக்காரர்" என்பது போல.

அப்புறம் 1940. ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தது, பெர்லின் நேரமும் கூடவே வந்தது. போர் முடிந்து ஜெர்மன்காரர்கள் போய்விட்டார்கள், நேரம் போகவில்லை. இன்று வரை பாரிஸ் தன் சூரிய நேரத்தைவிட 50 நிமிடம் முந்திய கடிகாரத்தோடு வாழ்கிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரம் மிச்சம் பிடிக்க 1976இல் கோடை நேரத்தைக் கொண்டுவந்து இன்னொரு மணியைச் சேர்த்தார்கள். அதனால் ஜூலையில் பாரிஸில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பகல் இரண்டை நெருங்கியிருக்கும். இந்த மாற்றமே வேண்டாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் வாக்களித்தது. நாடுகளுக்குள் உடன்பாடு வராததால் அது அப்படியே கிடக்கிறது.

இதில் பக்கத்துத் தீவு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியனும் பிரான்ஸின் பகுதிதான். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகப் புதுவை, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அங்கே கோடை நேரம் கிடையாது. நமக்கும் அவர்களுக்கும் கடிகார வித்தியாசம் ஒன்றரை மணி, சூரிய வித்தியாசம் சுமார் 97 நிமிடம். ஏறக்குறைய பொருந்திப்போகிறது.

சரி, ஐந்து மணி பத்து நிமிடமோ மூன்றரை மணியோ, இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். நான் சில வருடம் பாண்டியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்தேன். பாரிஸ் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை. அவர்கள் காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்தில் பகல் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. மார்ச் கடைசி ஞாயிறு போய்த் திங்கட்கிழமை. எங்கள் மேலாளர் நோட்டில் 'திங்கள் 1.30 மீட்டிங்' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு நிதானமாக 1.25க்கு வந்து உட்கார்ந்தோம். திரையில் ஒருவரும் இல்லை. அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்து, காத்திருந்து, எழுந்து போயிருந்தார்கள். இந்தியாவில் யாரும் கடிகாரத்தைத் தொடாதபோது நாங்கள் எப்படித் தாமதமாவோம் என்பதை எங்கள் கணக்காளருக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்கதானே மாத்தினாங்க, அப்ப லேட்டு அவங்கதான்" என்றார். யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அந்த வேலையில்தான் இரண்டு ஊர்களின் நாளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. பாண்டி சீக்கிரம் எழுகிற ஊர். ஐந்தரைக்கே கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்கள் கூட்டம். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாக்களின் குரல் ஏழு மணிக்கு உச்சத்தில் இருக்கும். பிறகு ஒரு மணிக்கு ஊர் மெல்ல அடங்குகிறது. பல கடைகளில் பாதி ஷட்டர் இறங்கும், மூன்றரை நாலுக்கு மறுபடி ஏறும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வெள்ளைக்கார வீதிகளில் நாய்களும் சுற்றுலாக்காரர்களும்தான்.

இந்த மத்தியானத் தூக்கத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரைக்குடியிலும் கும்பகோணத்திலும் இதே நேரத்தில்தான் ஷட்டர் இறங்குகிறது. அங்கே எந்த பிரெஞ்சுக்காரர் வந்து தூங்கக் கற்றுக்கொடுத்தார்? மே மாதத்து ஒரு மணி வெயிலில் பாண்டித் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தால் ஷட்டர் ஏன் இறங்குகிறது என்று புரிந்துவிடும். பாரிஸிலும் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் வேலை நிற்கும். ஆனால் தூங்க இல்லை, உட்கார்ந்து சாப்பிட. அந்த நேரத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. நமக்கு அது மாலை டீயும் பஜ்ஜியும் சாப்பிடும் நேரம். அவசரமான கேள்வியை நாலு மணிக்கு முன் அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் ஆறு மணி வரை காத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம்.

இரண்டு ஊரும் சேர்ந்து ஓய்வெடுக்கும் நாட்களும் உண்டு, காரணம்தான் வேறு வேறு. ஆகஸ்ட் 15 அங்கே மரியன்னையின் விண்ணேற்பு விழா விடுமுறை. இங்கே சுதந்திர தினம், ஆசிரமத்துக்கு அரவிந்தர் பிறந்த நாள். நவம்பர் 1 அங்கே சகல புனிதர்கள் திருநாள். இங்கே அது 1954இல் பிரெஞ்சு ஆட்சி கை மாறிய நாள், விடுதலை நாளாகக் கொண்டாடுகிறோம். எங்கள் அலுவலகத்தில் விடுமுறைப் பட்டியல் போடும்போது அந்த இரண்டு நாளுக்கு மட்டும் சண்டையே வராது.

வெளிச்சத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. புதுவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரிக்குள் இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான வித்தியாசம்தான். டிசம்பரில் பதினொன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு, ஜூனில் பன்னிரண்டே முக்கால் மணிக்குக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் நமக்கு 'ஆறு மணி' என்றால் விடியலும் அந்தியும் தானாக மனதில் வந்து நிற்கின்றன. பாரிஸ் 49 டிகிரிக்குப் பக்கத்தில். அங்கே டிசம்பர் பகல் எட்டேகால் மணிதான், ஜூன் பகல் பதினாறு மணியைத் தாண்டும். டிசம்பரில் சூரியன் எழ எட்டே முக்கால் ஆகிறது. அப்போது இங்கே மணி ஒன்றேகால். நாம் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவும்போதுதான் அவர்களுக்குப் பொழுது விடிகிறது. மாலை ஐந்துக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூனிலோ இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் இறங்குவார். அப்போது நமக்கு ஒன்றரை மணி, நடுநிசி தாண்டிய தூக்கம்.

இப்போது பெரியம்மாவின் கேள்வியைப் பாருங்கள். "மணி நாலரை" என்று பெரியப்பா சொன்னால் டிசம்பரில் அது விளக்கேற்றும் நேரம், குழந்தைகள் தொப்பியும் மேல்கோட்டுமாக இருட்டுவதற்குள் வீடு திரும்பும் நேரம். ஜூனில் அதே நாலரை நல்ல வெயில், அதன் பிறகு இன்னும் ஐந்தரை மணி நேரப் பகல் பாக்கி இருக்கிறது. மணி ஒன்றுதான், வாழ்க்கை வேறு. ஒருமுறை ஜூலையில் மருமகள் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் பூங்காவில் விளையாட விட்டிருப்பதாகச் சொன்னாள். பெரியப்பா "ராத்திரி ஒம்பது மணிக்கா?" என்று கோபப்பட்டார். பெரியம்மா கேட்டது, "வெளிச்சம் இருக்கில்ல? விடுங்க."

பஞ்சாங்கம் இதை எப்போதோ கண்டுகொண்டது. அதற்கு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை, அந்தந்த ஊரில் சூரியன் எழும்போது தொடங்குகிறது. ராகு காலமும் அப்படியே: உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பங்கிட்டு, திங்களுக்கு இரண்டாம் பங்கு. ஆறுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் ஏழரையிலிருந்து ஒன்பது. தினசரி காலண்டரில் இதுதான் அச்சாகி வருகிறது. ஒவ்வொரு வருடமும் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவில் ஒரு தினசரி காலண்டர் இங்கிருந்து பாரிஸ் போகிறது. அங்கே சமையலறைச் சுவரில் தொங்குகிறது. டிசம்பர் திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் என்று நல்ல காரியத்தைத் தள்ளிவைக்கிறார்கள். சூரியனே எட்டே முக்காலுக்குத்தான் வரப்போகிறார். பகல் பிறக்கும் முன்பே பகலின் இரண்டாம் பங்கு தொடங்கிவிட்டதாகக் கணக்கு! முறைப்படி பார்த்தால் அன்றைக்கு அங்கே திங்கள் ராகு காலம் ஒன்பதே முக்காலுக்கு மேல் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜூனில் இரண்டு மணி நேரம் நீளும். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம்புகிறவர் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

திதியில் இன்னும் சிக்கல். திதி மாறுவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம், ஏனென்றால் அது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள கோணம். ஆனால் அந்த நாளை எந்தத் திதியாக எடுத்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் உள்ளூர் உதயத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். ஒரு திதி இங்கே காலை 9 மணி வரை இருந்தால் நமக்கு அன்றைக்கு அந்தத் திதி. பாரிஸில் சூரியன் எழுவதற்குள் அது முடிந்து அடுத்தது வந்துவிட்டிருக்கும், ஆகவே அவர்களுக்கு முந்தின நாளே விரதம். "இங்கே இன்னைக்கு, அங்கே நேத்தே முடிஞ்சுதா?" என்ற குழப்பத்துக்கு இதுதான் காரணம். யாரும் தப்புச் செய்யவில்லை.

இந்தச் சூரியனோடு மல்லுக்கட்டித் தோற்ற மனிதர் ஒருவர் பாண்டியின் சரித்திரத்தில் இருக்கிறார். கியோம் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போவதை உலகின் பல மூலைகளிலிருந்து பார்த்து நேரத்தைக் குறித்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம். 1761 கடப்பைப் பார்க்கப் புதுவைக்குக் கிளம்பினார். வரும் வழியிலேயே ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆடுகிற கப்பலில் இருந்தபடி பார்த்ததால் அளவு ஒன்றும் எடுக்க முடியவில்லை. அடுத்தது 8 வருடம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கக் கடலிலேயே சுற்றி, 1768இல் புதுவை வந்து, இடித்துப்போட்டிருந்த கோட்டையின் மேல் ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். காத்திருந்த மாதங்களில் உள்ளூர் ஜோதிடர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கடப்பு நாள் வந்தது. பாரிஸில் அது ஜூன் 3 மாலை, சூரியன் மறையும் நேரம். அதே நிகழ்ச்சி இங்கே ஜூன் 4 விடியற்காலை. ஒரே கோள், ஒரே கடப்பு, இரண்டு தேதி. முந்தின நாள் வரை தெளிவாக இருந்த வானத்தில் அன்று காலை மேகம். கடப்பு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. 1771இல் வீடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக நினைத்துச் சொத்தைப் பங்கு போட உறவினர்கள் தயாராகியிருந்தார்கள். கடற்கரையில் நிற்கும்போது, மேகமூட்டமான ஜூன் காலைகளில், எனக்கு இவர் நினைவு வரும்.

இன்றைக்கு இரண்டு ஊரையும் ஒரே கணத்தில் கட்டிப்போடும் நிகழ்ச்சி ஒன்று உண்டென்றால் அது பிரெஞ்சு அதிபர் தேர்தல். பிரெஞ்சு நேஷனாலிட்டி வைத்திருப்பவர்கள் பாண்டியிலேயே வாக்களிக்கிறார்கள். இங்கே வாக்குப்பதிவு முடிந்து சாப்பிட்டுப் படுக்கும் நேரத்திலும் பாரிஸில் வாக்குச்சாவடி திறந்தேதான் இருக்கும். அங்கே இரவு எட்டு அடிக்கும் வரை முடிவைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். ஏப்ரலில் அது நமக்குப் பதினொன்றரை. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி பெண்டுலம் எட்டு அடிப்பதற்காகக் காத்திருப்பார். தொலைக்காட்சியில் வென்றவர் முகம் தெரிவதற்கு ஒரு நிமிடம் முன்பே கடிகாரம் அடித்துவிடும். அது கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்பதை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

ஐரோப்பாவில் கடிகாரம் மாறுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, இந்திய நேரம் காலை ஆறரைக்கு. மார்ச்சில் சிக்கல் இல்லை, முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளினால் போதும். அக்டோபரில்தான் தொல்லை. மணி அடிக்கிற பழைய கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் கெட்டுவிடும். அதனால் அந்த ஞாயிறு காலை ஆறரைக்கு, பெண்டுலக் கடிகாரம் மூன்று அடித்து முடித்ததும், பெரியப்பா கண்ணாடிக் கதவைத் திறந்து பெண்டுலத்தை விரலால் பிடித்து நிறுத்துவார். தொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார். காந்தி சிலை வரை நடந்து, போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு டீ. ஏழரைக்கு அந்தச் சாலையில் வண்டிகளை விடுவார்கள். அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். கூடத்தில் கடிகாரம் இன்னும் மூன்று மணி என்றே நின்றிருக்கும். பேட்டரிக் கடிகாரத்தில் ஏழரை ஆனதும் பெண்டுலத்தை லேசாகத் தட்டிவிடுவார்.